பழுப்புக் குறுமீன் ஒன்றை வீட்டுத் திரையில் கண்டு, அதன் தூரத்தை அளப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித் தருகிறேன். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை மேகம் விலகுவதில்லை. மேகம் விலகும் மாதங்களில் தெருவிளக்கும் கடைவிளக்கும் வானத்தை வெளிற வைத்துவிடுகின்றன. மொட்டைமாடிக்குப் போக முடியாத அந்த மாலைகளுக்காகத் தேடித்தேடி அமைத்துக்கொண்ட பயிற்சி இது. ஒரு கணினி, இணைய இணைப்பு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று, கூரிய முனையுள்ள மார்க்கர் பேனா, அடிக்கோல், செல்லோ டேப் ஆகியவை இருந்தால் போதும். இவற்றைக் கொண்டு, சூரியனுக்கு மிக அருகிலுள்ள அண்டைவீட்டார்களில் ஒன்றை நீங்களே அடையாளம் கண்டு, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் ஒரே மாலையில் கணக்கிட்டுவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதுமானது.

நாம் தேடப்போகும் பொருளின் பெயர் வைஸ் 0855. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் கெவின் லூமன், வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களை ஒப்பிட்டு இதைக் கண்டறிந்து, ஸ்பிட்சர் என்ற மற்றோர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியால் உறுதிசெய்து, 2014 ஏப்ரலில் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவரே கண்டறிந்த லூமன் 16 என்ற பழுப்புக் குறுமீன் இரட்டை 6.5 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வைஸ் 0855 இருப்பது 7.4 ஒளியாண்டு தொலைவில். ஆல்ஃபா சென்டாரி, பர்னார்டு விண்மீன், லூமன் 16 ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நமக்கு நான்காவது நெருக்கமான அமைப்பு இதுவே. இவ்வளவு அருகில் இருந்தும் 2014 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம், இது ஒளிர்வதில்லை என்பதுதான்.

விண்மீன் ஒன்று ஒளிர வேண்டுமானால் அதன் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைய வேண்டும். அதற்குச் சூரியனின் நிறையில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காவது தேவை. அந்த அளவை எட்டாமல் பிறந்துவிடும் பொருள்கள் பழுப்புக் குறுமீன்கள். இப்படிப்பட்டவை இருக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டுச் சொன்னவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். பழுப்பு என்ற சொல்லை இவற்றுக்கு 1975இல் சூட்டியவர் ஜில் டார்ட்டர். ஐயமின்றி உறுதிசெய்யப்பட்ட முதல் பொருள்கள் கிடைத்ததோ 1995இல்தான். உலையில் அடுப்பு மூளாததால், பிறந்தபோது இருந்த சூட்டை இவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே வருகின்றன. வைஸ் 0855 அந்த வரிசையில் அறியப்பட்டவற்றுள் மிகக் குளிர்ந்தது. முதலில் கணித்த வெப்பநிலை மைனஸ் 48 முதல் மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் வரை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவீட்டுக்குப் பிறகு அது ஏறத்தாழ 12 டிகிரி என்று திருத்தப்பட்டிருக்கிறது. ஜனவரி விடியற்காலையில் பெங்களூருவில் கம்பளி போர்த்திக்கொண்டு பால் வாங்கப் போகும்போது உணரும் குளிர் அது. நிறை வியாழனைப்போல் 3 முதல் 10 மடங்குதான். ஆனால் எந்தச் சூரியனையும் சுற்றாமல் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

திரைக்கு முன் உட்காருவதற்கு முன்பாக, அகச்சிவப்பு என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டுக் காட்டிவிடுவது நல்லது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சி ரிமோட்டின் முனையை அலைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையிலோ ஊதா கலந்த வெண்மையில் ஒரு புள்ளி விட்டுவிட்டு மின்னும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் வடிகட்டி இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம். ரிமோட்டின் ஒளி ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, சற்றே குறைவான அலைநீளம் கொண்டது. நமக்கு வேண்டியது 4.6 மைக்ரான், அதாவது அதைப்போல் ஐந்து மடங்கு நீளமானது. அதை எந்த அலைபேசியும் காணாது.

12 டிகிரி வெப்பநிலையில் இருக்கும் எந்தப் பொருளும் மிகுதியாக வீசும் கதிர் 10 மைக்ரான் அலைநீளத்தைச் சுற்றியே இருக்கும். நம் உடலும் சுவரும் தொலைநோக்கியின் குழாயும் தலைக்கு மேலுள்ள காற்றும் ஏறக்குறைய அதே கதிரைத்தான் இடைவிடாமல் வீசுகின்றன. தரையிலிருந்து அந்த அலைநீளங்களில் பார்ப்பது, நண்பகல் வெயிலில் மின்மினியைத் தேடுவதற்கு ஒப்பாகும். போதாததற்குக் காற்றிலுள்ள நீராவி பல அலைநீளங்களை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. கோரமங்களாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் 2 மீட்டர் தொலைநோக்கியை லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில் கொண்டுபோய் நிறுத்தி, பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அதை இயக்குவதற்கு இந்த நீராவியும் ஒரு காரணம். வைஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2009 டிசம்பரில் ஏவப்பட்ட அதன் ஆடியின் விட்டம் வெறும் 40 சென்டிமீட்டர்தான் என்றாலும், காற்றுக்கு வெளியே, உறைந்த ஹைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டு இயங்கியது. 2010இல் குளிர்விப்பான் தீர்ந்தது. 2011இல் உறங்க வைக்கப்பட்டது. 2013இல் எழுப்பப்பட்டு, 2024 ஜூலை இறுதி வரை, 3.4, 4.6 மைக்ரான் என்ற இரண்டு அலைவரிசைகளில் மட்டும் வானம் முழுவதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் படம்பிடித்தது. நாம் பயன்படுத்தப்போவது அந்தப் படங்களைத்தான்.

இந்த இரண்டு அலைவரிசைகளைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. குளிர்ந்த குறுமீனின் வளிமண்டலத்தில் மீத்தேன் இருக்கும், மீத்தேன் 3.3 மைக்ரானை ஒட்டிய ஒளியை உறிஞ்சிவிடும், 4.6 மைக்ரானைச் சுற்றிய ஒளி ஓரளவு தப்பி வெளியே வரும். ஆகவே முதல் அலைவரிசையில் ஏறக்குறைய காணாமல் போய், இரண்டாவதில் மட்டும் பளிச்சென்று தெரியும் பொருளே நாம் தேடும் பொருள். நிறத்தை நம்பி ஒன்றை ஐயப்படலாம். அது நகர்வதைக் கண்ட பிறகே உறுதியாகச் சொல்லலாம்.

படங்களைத் திறப்பது

டான் கேசல்டனும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய வைஸ்வியூ என்ற இணையக் கருவியைத் திறந்துகொள்ளுங்கள். கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. வானத்தில் ஓர் இடத்தின் முகவரியை அதில் இரண்டு எண்களாகக் கொடுக்க வேண்டும். குறுமீனின் பெயரிலுள்ள 0855 என்பது வானத்தின் கிழக்கு-மேற்கு அளவு 8 மணி 55 நிமிடம் என்பதைக் குறிக்கிறது. மணிக் கணக்கை 15ஆல் பெருக்கினால் டிகிரி கிடைக்கும். முதல் எண்ணாக 133.78 என்றும், இரண்டாம் எண்ணாக மைனஸ் 7.244 என்றும் கொடுங்கள். மைனஸ் குறியை விட்டுவிட்டால் வானத்தின் வடபாதியில் வேறெங்கோ போய் நிற்பீர்கள். முதல் முறை நான் அந்தத் தவற்றைத்தான் செய்தேன்; ஏழு பிள்ளைகளும் நானும் அரை மணி நேரம், அசையாத விண்மீன்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்தின் அகலத்தை 180 வில்நொடி என்று வையுங்கள். ஒரு டிகிரியை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு வில்நொடி; முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 1800 வில்நொடி. ஆகவே நீங்கள் பார்ப்பது நிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ள மிகச் சிறிய சதுரம். இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்துக் காட்டும்படி அமைத்து, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படங்கள் மங்கலாகத்தான் இருக்கும். வைஸின் ஒரு படப்புள்ளி 2.75 வில்நொடி, விண்மீன் ஒவ்வொன்றும் ஆறு வில்நொடி அகலமுள்ள பொட்டாகவே விழும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை மெல்ல இழுத்து, மங்கிய பொட்டுகள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிலையில் நிறுத்துங்கள்.

இப்போது எதையும் தேடாமல், திரையின் நடுவில் பார்வையைத் தளர்வாக வைத்துக்கொண்டு, படங்கள் மூன்று நான்கு முறை சுற்றிவரும் வரை பொறுத்திருங்கள். மற்ற பொட்டுகளெல்லாம் ஆணியடித்தாற்போல் நிற்க, ஆரஞ்சு நிறத்தில் (4.6 மைக்ரானில் மட்டும் தெரிவதைக் கருவி காட்டும் நிறம் அது) ஒரே ஒரு பொட்டு மட்டும் இடமிருந்து வலமாக, சற்றே மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். வானப் படங்களில் வடக்கு மேலேயும் கிழக்கு இடப்பக்கமும் இருப்பது வழக்கம். ஆகவே வலப்பக்கம் என்பது மேற்கு. முதலில் அதைக் கண்டது ஆறாவது படிக்கும் ஒரு சிறுமி. "அக்கா, அந்தப் பொட்டு நடக்குது" என்றாள். நடக்கிறது என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்பது தூரத்தை அளந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஓட்டத்தில் ஓரிடத்தில் பொட்டு திடீரென்று தாவுவதைக் கவனிப்பீர்கள். அது தொலைநோக்கி உறங்கிய காலம். 2010 நவம்பருக்கும் 2014 மே மாதத்துக்கும் இடையில் படமே இல்லாததால், மூன்றரை ஆண்டு நகர்வு, ஏறத்தாழ 28 வில்நொடி, ஒரே தாவலாகத் தெரிகிறது. 2010ஆம் ஆண்டுப் படங்களில் பொட்டின் நிறம் அவ்வளவு தூய ஆரஞ்சாக இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். அப்போது குறுமீன் கடந்துகொண்டிருந்த இடத்தின் பின்னணியில் வேறு மங்கலான பொருள்களின் ஒளி கலந்திருந்தது.

உண்மையிலேயே நகர்கிறதா, கண் ஏமாற்றுகிறதா என்று சரிபார்க்கும் பழக்கத்தை இந்த இடத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கால்டெக்கிலுள்ள இர்சா காப்பகத்தின் ஃபைண்டர் சார்ட் கருவியில் அதே எண்களைக் கொடுத்தால், பழைய கண்ணொளிப் படங்களும் அண்மை அகச்சிவப்புப் படங்களும் வைஸ் படங்களும் வரிசையாக வரும். கண்ணொளிப் படங்களில் அந்த ஆரஞ்சுப் பொட்டுக்கு நேராக எதுவும் இருக்காது. இடத்திலேயே நின்று மங்கிப் பிரகாசிப்பது மாறுபடும் விண்மீன்; ஒரே ஒரு படத்தில் மட்டும் தோன்றி மறைவது சிறுகோளாகவோ கருவியின் குறையாகவோ இருக்கும்; பிரகாசமான விண்மீனைச் சுற்றிக் கத்திபோல் நீண்டு, படத்துக்குப் படம் திசை மாறுவது தொலைநோக்கிக்குள் ஒளி சிதறுவதால் வருவது. ஆண்டுதோறும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்வது மட்டுமே நமக்கு உரியது.

தூரத்தை அளப்பது

இந்தப் பயிற்சியில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். கண்டுபிடித்ததோடு நின்றுவிடும் வழிகாட்டிகள் பல உண்டு. ஆனால் தூரம் தெரியாத பொட்டு வெறும் பொட்டுதான்.

இப்போது மையத்தை 133.775, மைனஸ் 7.243 என்று மாற்றி, அகலத்தை 120 வில்நொடியாகக் குறையுங்கள். திரையில் படத்தின் அகலம் சரியாக 24 சென்டிமீட்டர் வரும்படி உலாவியைப் பெரிதாக்கினால், ஒரு சென்டிமீட்டர் ஐந்து வில்நொடிக்குச் சமமாகும். அடிக்கோலைத் திரையின் மேலேயே வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு பிளாஸ்டிக் தாளைத் திரையில் பரப்பி, நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டுங்கள், பேனாவை அழுத்தாதீர்கள். அசையாத விண்மீன்கள் மூன்றின் நடுவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தாள் சறுக்கினால் அந்த மூன்று குறிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஓட்டத்தை நிறுத்தி, 2014 மே மாதப் படத்திலிருந்து ஒவ்வொரு படமாக நகர்த்தி, ஆரஞ்சுப் பொட்டின் நடுவை ஒரு சிறு புள்ளியாகக் குறித்து, பக்கத்தில் ஆண்டையும் மாதத்தையும் எழுதுங்கள். வானத்தின் இந்தப் பகுதியை வைஸ் ஒவ்வோர் ஆண்டும் மே, நவம்பர் மாதங்களையொட்டியே கடந்தது. ஆகவே 2024 மே வரை 21 குறிகள் கிடைக்கும். குறிப்பவர் ஒருவராகவும் அளப்பவர் வேறொருவராகவும் இருப்பது நல்லது. விடையை எதிர்பார்த்துக் கை நகர்வதை இது தடுக்கும்.

தாளைத் திரையிலிருந்து எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். குறிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்திருக்கும். ஆனால் இடைவெளிகள் சமமாக இருக்காது. மே மாதத்திலிருந்து நவம்பருக்குப் போகும் அடி குட்டையாகவும், நவம்பரிலிருந்து மே மாதத்துக்குப் போகும் அடி நெட்டையாகவும், ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். திரையில் குட்டையான அடி சுமார் 6 மில்லிமீட்டர், நெட்டையான அடி சுமார் 10 மில்லிமீட்டர் வர வேண்டும். காலை இழுத்து இழுத்து நடப்பவர் ஈரமண்ணில் விட்டுச்சென்ற தடங்களைப் போலிருக்கும் அது.

அந்த ஏற்றத்தாழ்வு குறுமீனுடையதன்று, நம்முடையது. பூமி சூரியனைச் சுற்றுவதால், நாம் மே மாதத்தில் சுற்றுப்பாதையின் ஒரு கோடியிலும் நவம்பரில் மறுகோடியிலும் நின்று பார்க்கிறோம். கட்டைவிரலை முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம்மாறித் தோன்றுவதுபோல, அருகிலுள்ள குறுமீன் மே மாதத்தில் சற்று மேற்கேயும் நவம்பரில் சற்றுக் கிழக்கேயும் தோன்றுகிறது. அது மேற்குநோக்கிப் போய்க்கொண்டிருப்பதால் ஓர் அரையாண்டில் இந்த இடமாறு தோற்றம் அதன் நடையோடு சேர்ந்துகொள்கிறது. அடுத்த அரையாண்டில் அதிலிருந்து கழிந்துவிடுகிறது.

ஆகவே கணக்கு இப்படிப் போகும். நெட்டையான பத்து அடிகளின் சராசரியை எடுங்கள். குட்டையான பத்தின் சராசரியை எடுங்கள். மில்லிமீட்டரை இரண்டால் வகுத்து வில்நொடியாக்குங்கள். இரண்டையும் கூட்டினால் ஓராண்டு நகர்வு. வானியலாளர் கண்டது ஏறத்தாழ 8.1 வில்நொடி. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் விடையை நான்கால் வகுத்தால் இடமாறு தோற்றக் கோணம். வானியலாளர் கண்டது 0.44 வில்நொடி. 3.26ஐ அந்தக் கோணத்தால் வகுத்தால் ஒளியாண்டில் தூரம் வந்துவிடும். நாங்கள் முதலில் அளந்தபோது கோணம் 0.40 என்றும் தூரம் 8.15 ஒளியாண்டு என்றும் வந்தது. ஒரு பிளாஸ்டிக் தாளையும் பேனாவையும் கொண்டு, விண்வெளித் தொலைநோக்கிகள் தந்த விடையைப் பத்து விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் எட்டிய அந்த மாலையை என்னால் மறக்க முடியாது. ஓர் அடியை மட்டும் அளந்து முடிவுக்கு வராதீர்கள். பொட்டின் நடுவைக் குறிப்பதிலேயே ஒரு மில்லிமீட்டர் பிசகும். இருபது அடிகளின் சராசரிதான் அந்தப் பிசகைக் கரைக்கிறது.

ஆண்டு நகர்வையும் தூரத்தையும் வைத்துக்கொண்டு வேகத்தையும் பார்த்துவிடலாம். 3.26 ஒளியாண்டு ஒரு பார்செக். அந்த அலகில் குறுமீனின் தூரம் 2.28. 8.1, 2.28, இந்த அலகுகளை வினாடிக்குக் கிலோமீட்டராக மாற்றும் எண்ணான 4.74 ஆகிய மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர் கிடைக்கும். நம் ஊரிலிருந்து சென்னைக்குச் சாலைவழி 350 கிலோமீட்டர். அதை நான்கே வினாடியில் கடக்கும் வேகம். ஆனாலும் முழுநிலவின் அகலத்தை வானத்தில் கடக்க அதற்கு 220 ஆண்டுகள் ஆகும்.

நீங்களே புதிதாகத் தேடுவது

அறிந்த பொருளைக் கண்டு கை பழகிய பிறகு, அறியாததைத் தேடலாம். 2017 பிப்ரவரியில் தொடங்கிய பேக்யார்டு வேர்ல்ட்ஸ் என்ற தன்னார்வலர் திட்டம் இதே வைஸ் படங்களைப் பொதுமக்கள் முன் வைக்கிறது. அதன் முதல் பழுப்புக் குறுமீனைத் தன்னார்வலர்கள் திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே குறித்துக்கொடுத்தார்கள். மேலே சொன்ன டான் கேசல்டனுக்கோ, வேறு பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேடலின் இலக்கணத்துக்குள் அடங்காத விந்தையான குறுமீன் ஒன்று அதே படத்தின் ஓரத்தில் நகர்ந்துபோவது கண்ணில் பட்டது. ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவிலுள்ள அதற்கு விபத்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே நடுவில் இருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாவாமல், நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கமாகட்டும்.

நகரும் பொட்டு ஒன்று கிடைத்தால், உடனே அறிவிக்காமல், ஸ்ட்ராஸ்பர்க் வானியல் மையத்தின் சிம்பாத் பட்டியலில் அந்த இடத்தைக் கொடுத்து, சுற்றிலும் ஒரு வில்நிமிடத்துக்குள், அதாவது 60 வில்நொடிக்குள், யாரேனும் ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேகமாக நகரும் பொருள்கள் பழைய முகவரியிலேயே பட்டியலில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. வைஸ் 0855 தன் 2010ஆம் ஆண்டு முகவரியிலிருந்து இப்போது ஏறத்தாழ இரண்டு வில்நிமிடம் தள்ளிப் போய்விட்டது. பதிவு இல்லையென்றால், எண்கள், நகரும் திசை, எந்தெந்த ஆண்டுப் படங்களில் தெரிகிறது ஆகிய மூன்றையும் எழுதித் திட்டத்தாருக்கு அனுப்பலாம். பால்வீதிப் பட்டையை ஒட்டிய இடங்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். விண்மீன்கள் அங்கே அரிசி கொட்டினாற்போல் நெருங்கிக் கிடப்பதால், நகராதவையும் நகர்வதாகத் தோன்றும்.

மேகம் விலகும் மாதங்களில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கும் அழைத்துப் போங்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் இரவு ஒன்பதேகால் மணியளவில் தெற்குநோக்கி நின்று, தலையை நன்றாக நிமிர்த்தி, 70 டிகிரி உயரத்தில் பார்க்க வேண்டும். நம் முன்னோர் அரவு என்றும் ஆயில்யம் என்றும் அழைத்த பாம்பின் தலை உச்சியை ஒட்டி இருக்கும். அதற்குத் தென்கிழக்கே, சுற்றிலும் துணையின்றிச் செம்மஞ்சளாக ஒளிரும் அல்பார்டு என்ற விண்மீன் பெங்களூரு வெளிச்சத்திலும் தெரியும். கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் 10 டிகிரி. அல்பார்டிலிருந்து மேற்கே, ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவாக, 8 டிகிரி தள்ளி விரலை நிறுத்துங்கள். அந்த இடம் வெறும் இருட்டாகத்தான் இருக்கும். வைஸ் 0855 அங்கேதான் இருக்கிறது.